வால் அறுந்த கப்பி

“ரப்பர் கிளவ்ஸ்ல பூசுற வெள்ளித் துகளாலயா மீன் சாகும், மிஸ்?”

“கண்ணுக்கே தெரியாத நானோ துகள், புவனேசன். அது தண்ணியில கலந்தா மீன் என்ன ஆகும்னுதான் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் இருபது கப்பி மீன் வேணும்.”

மலேசியாவின் பீடோங் ஊர் ஆய்வுக்கூடத்தில் காஞ்சனா இப்படிச் சொல்லி ஓர் ஆண்டாகிவிட்டது. மீன் வளர்க்கும் புவனேசன் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. மனத்தில் இருப்பதை இன்றாவது கேட்டுவிட வேண்டும் என்று தன் ஊரான புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்புவான். மீன் பையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவான்.

இன்று பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த காஞ்சனா திடுக்கிட்டாள்.

“இந்த வால் அறுந்த மீன் போன வாரமும் வந்துச்சே!”

“மன்னிச்சிடுங்க மிஸ். என் தொட்டியெல்லாம் ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே வெள்ளத்துல போயிடுச்சு. ஆனா இங்க வராம இருக்க முடியல. அதான் உங்க கட்டடத்துக்குப் பின்னால இருக்கிற குளத்துல பிடிச்சு...”

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

“ஆமா, வெள்ளித் துகள்ல போட்ட மீன் எப்படி மிஸ் உயிரோட குளத்துக்குப் போச்சு?”

காஞ்சனாவின் முகம் சிவந்தது.

“போடவே இல்லலா! ஆராய்ச்சி முடிஞ்சு மூணு மாசமாச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான்தான் எல்லாத்தையும் குளத்துல விட்டுடுவேன்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பையிலிருந்த தண்ணீர் குலுங்கியது.

“மிஸ்... அடுத்த வெள்ளிக்கிழமை மீனுக்குப் பதிலா எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு, உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரட்டுமா?”