முன்னால் நடப்பவர்

"கல்லு," என்றார் என் கணவர், திரும்பிப் பார்க்காமல்.

நான் காலைத் தூக்கி வைத்தேன். வைத்த பிறகுதான் கீழே பார்த்தேன். கல் எதுவும் இல்லை. சிமெண்டு நடைபாதை எப்போதும்போலச் சமமாகக் கிடந்தது.

சாயங்காலம். இருவரும் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அவர் உயிரோடு இருந்த கடைசி வருடம் அது. அப்பாவுக்கு இதயம் சரியில்லை, இனி மலை வேண்டாம் என்று எங்கள் மகன் யுவராஜ், சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் வாங்கிய வீட்டுக்கு எங்களை அழைத்து வந்துவிட்டான்.

"இங்க எல்லாமே நடக்கற தூரந்தாம்மா," என்றான்.

உண்மைதான். பால், மருந்து, டாக்டர், பூங்கா, கடல். எதற்கு எத்தனை நிமிடம் என்று மூலைக்கு மூலை பலகை வைத்திருந்தார்கள். கால் இடறாமல் நடப்பதற்கென்றே திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு.

கொல்லிமலையில், தேவனூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், எங்கள் வீடு ரோட்டிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒற்றையடிப் பாதை. அதில் சேர்ந்து நடக்க முடியாது. முன்னால் போகிறவர், காலில் படுவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கல்லு. வேரு. முள்ளு. பின்னால் வருகிறவர் 'ம்' கொட்ட வேண்டும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் கால் தவறும்.

வீட்டிலும் காட்டிலும் அதிகம் பேசாத மனிதர் அவர். பாதையில் மட்டும் பேசுவார். அதைப் பேச்சு என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ. எனக்கு அது போதுமாக இருந்தது.

இங்கே வந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

நான்கு பேர் கைகோத்து நடக்கலாம், அவ்வளவு அகலம். எங்களுக்கு அது வரவில்லை. ஓரமாக, அவர் முன்னால், நான் பின்னால். சொல்வதற்கு ஒரு கல்கூட இல்லாததால் வாயைத் திறக்காமலே போய், திறக்காமலே திரும்புவார். மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்துவிட்டது.

சற்று முன்புதான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மைதிலி கிண்டல் செய்தார்.

"என்ன கலைமணிம்மா, தினமும் சண்டையா? அர்த்தனாரி சார் முன்னாடி ஓடுறார், நீங்க பின்னாடி துரத்துறீங்க."

"சண்டை போடறதுக்கு அவரு வாயத் தொறக்கோணுமில்லீங்க," என்றேன்.

மைதிலி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அதனால்தான் எனக்காக ஒரு கல்லை எடுத்துப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"ம்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "வேரு," என்றார்.

பக்கத்தில் புல்தரையும் விளக்குக் கம்பமும்தான். ஒரு மரமும் இல்லை. நான் தாண்டினேன். எதிரே ஓடிவந்த பெண் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஓரத்துல முள்ளு."

சேலையை ஒதுக்கிக்கொண்டேன். மலைப்பாதையில் அந்த இடத்தில் உண்ணிச்செடி முள்ளோடு உள்ளே சாய்ந்திருக்கும்.

அப்போதுதான் புரிந்தது. வாய்க்கு வந்ததை அவர் சொல்லவில்லை. கல், பிறகு வேர், பிறகு முள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் வழியை, வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

விளையாட்டா, இல்லை, நிஜமாகவே அங்கே போய்விட்டாரா?

இரண்டு எட்டு வேகமாக வைத்தால் அவர் பக்கத்தில் போய்விடலாம். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் யுவராஜிடம் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போக வேண்டும். டாக்டரும் நடக்கிற தூரத்தில்தான் இருந்தார்.

நான் பின்னாலேயே நடந்தேன்.

இத்தனை மாதம் கழித்துப் பேசுகிறார். என்னிடம் பேசுகிறார்.

முள்ளுக்கு அடுத்தது ஓடை. பாறையெல்லாம் பாசி பிடித்திருக்கும். அங்கே மட்டும் அவர் சொல்வதோடு நிற்க மாட்டார். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார்.

நான் அதற்காகக் காத்துக்கொண்டு நடந்தேன். அலைச் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது.

அவர் நின்றார். வலது கை பின்னால் வந்தது.

தாழ்வாக வந்தது. முழங்காலை ஒட்டி, உள்ளங்கை விரிந்து. அதற்காக உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார்.

"பாத்து வா கண்ணு. வழுக்கும்."

மலைப்பாதையில் நாங்கள் மூன்று பேராக நடந்த காலம் ஒன்று இருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் பூங்குழலி வருவாள். எங்கள் மூத்த பெண். ஆறு வயதில் காய்ச்சல் கண்டு, மலையிறங்கி அடிவாரத்துக் காரவள்ளி சேர்வதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள். யுவராஜ் அதற்குப் பிறகு பிறந்தவன்.

அவள் போன பிறகும் அவர் கல்லு, வேரு என்று சொல்லிக்கொண்டேதான் நடந்தார். அது எனக்கென்று நினைத்து, அத்தனை வருடமும் நான் 'ம்' கொட்டி வந்திருக்கிறேன்.

கை அப்படியே நின்றது. நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான் குனிந்து, விரல்களை ஒடுக்கிக் கையைச் சின்னதாக்கி, அதற்குள் வைத்தேன்.