மூன்றாம் ஓலைக்கு வந்த தடை

பூசை முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டேவிட்ராஜின் கல்யாணத்துக்குத் தடை சொல்ல ஒரு ஆள் வந்துவிட்டார்.

மூன்றாம் ஞாயிறாகக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள். டேவிட்ராஜுக்கும் சுகன்யா மேரிக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கமாக வாசிப்பதுதான். அந்தக் கடமையை இந்த ஊரில் இதுவரை யாரும் செய்ததில்லை.

இன்று செய்தவர் பழனிவேல். நெற்றியில் திருநீறு, கையில் ரெக்சின் பை. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், மைக்கில் மாப்பிள்ளை பெயரைக் கேட்டதும் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

சாமியார் அறைக்கதவைச் சாத்தினார். பெண்ணின் அப்பா ஞானமுத்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டேவிட்ராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“முதல் சம்சாரம் இருக்கா?” என்றார் சாமியார் தாழ்ந்த குரலில்.

“இல்லைங்க ஃபாதர், பைக்கு. நான் பைனான்ஸ்ல வசூலுக்கு வர்றவன். பதினேழு தவணை நிக்குது. நாலு வருசமா ரூமை மாத்துறாரு, நம்பரை மாத்துறாரு. நீங்கதான் அப்பா பேரு, ஊரு எல்லாத்தையும் மைக்குல சொன்னீங்க.”

சாமியார் திருச்சபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இரத்த உறவு, குருத்துவம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் இருந்தன. தவணை இல்லை. இருந்தாலும் வந்த தடையைப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். ‘தடை’ என்ற கட்டத்தில் ‘பைக்’ என்று எழுதினார். மாப்பிள்ளையின் கடன் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரையும் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஐந்நூற்று முப்பத்தொன்று.

“எவ்வளவு இருந்தா பாஸ்?”

“எழுநூத்தம்பது இருந்தா நல்லதுங்க. முழுசா கட்டி என்ஓசி, அதான் தடையில்லாச் சான்று, வாங்கினா மெல்ல ஏறிடும்.”

டேவிட்ராஜின் கண் ஞானமுத்துவின் முதுகிலேயே இருந்தது. கடன்காரனுக்குப் பெண் கிடையாது என்று நிச்சயதார்த்தப் பந்தியில் சத்தமாகச் சொன்ன மனிதர்.

“மாமா, ரெண்டு அறைகூட அறைங்க. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க.”

ஞானமுத்து திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“சார், நீங்க மாப்ளைய மட்டுந்தானே தேடி வந்தீங்க?”

பழனிவேலுக்குச் சந்தேகம் தட்டியது. எழுந்து போய், சுவருக்கும் ஞானமுத்துவுக்கும் நடுவில் தலையை நீட்டி முகத்தைப் பார்த்தார். பிறகு பையின் அடியிலிருந்து ஒரு பழைய கடன் ஃபைலை உருவினார். அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் ஞானமுத்துவின் மீசை முழுக்கக் கறுப்பாக இருந்தது.

“நீங்க தவறிட்டதா வூட்ல சொன்னாங்களேங்க!”

டேவிட்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்க மாமா.”