ஐந்து இலக்கம்

துப்பாக்கிக் கைப்பிடியின் மரத்தகட்டைக் கழற்றியவர், அடியில் இருந்த எண்ணைப் பார்த்ததும் விளக்கைப் பக்கத்தில் இழுத்து இன்னொரு தரம் படித்தார்.

61744.

முப்பத்தோரு வருஷமாக அவர் தேடி அலைந்த எண் அது.

பழைய ஆயுதம் வாங்கி விற்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே. எந்தப் போரில் எவன் இடுப்பில் கிடந்த கைத்துப்பாக்கியாக இருந்தாலும் சரி, அசலா போலியா என்று அவர் சொன்னால் சொன்னதுதான். எத்தனையோ கில்லாடிகள் அவர் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தார்கள். ஒருத்தன் பாச்சாவும் பலிக்கவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம், துப்பாக்கியைக் கொண்டுவந்த தரகர். இந்தப் பக்கம், அவர் தோளை ஒட்டி, அக்கா.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயசு. இனி மாதக் கணக்குதான் என்று டாக்டர் கைவிரித்து மூன்று வாரம் ஆகிறது. படுத்திரு என்றால் கேட்டால்தானே! நானும் பார்க்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எதிர்ப்பக்கத்துச் சிப்பாய் ஒருத்தர் வீட்டுல இருந்ததுங்க ஐயா,” என்றார் தரகர். “பாலத்துல கடைசி ஆளா நின்னு செத்தவரோட கையிலேர்ந்து எடுத்தாராம். வெரலப் பிரிக்கவே முடியலயாம்.”

அக்கா தம்பியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா போருக்குப் போனபோது தம்பிக்கு நாலு வயசு, அவளுக்குப் பத்து. அப்பா வரவில்லை. கடிதம்தான் வந்தது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று இரண்டே வரி.

அன்றிலிருந்து தெருவுக்கே அவர்கள் ஓடுகாலி பெற்ற பிள்ளைகள். அம்மா அந்த அவமானத்திலேயே படுத்தாள், எழுந்திருக்கவில்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அவன் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு உதடு கிழிந்து வந்த நாளில் எல்லாம், அப்பா ஓடலடா என்று சொல்லிக்கொண்டே மருந்து போட்டுவிடுவாள்.

அந்தத் துப்பாக்கி எங்கே, யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் போதும், அப்பா ஓடினாரா நின்றாரா என்பது தெரிந்துவிடும். அதற்காகத்தான் எக்ஸ்ரே இந்தத் தொழிலுக்கே வந்தார்.

இப்போது அது கையில் இருக்கிறது. அவசரப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திருகாணிகளைப் பார்த்தார். எவனும் நெம்பின அடையாளம் இல்லை. தோலுறை உரசிய தேய்மானம் குழலின் முனையில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போலி செய்கிறவன் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்த்து வைப்பான். ஆலை முத்திரையும் சரி.

கடைசியாக எண்.

சுற்றிலும் இரும்பில் வியர்வை அரித்த சின்னச் சின்னப் புள்ளிகள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

இரும்பு அளவுகோலின் விளிம்பை எண்ணுக்குக் குறுக்கே நிறுத்தி, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அளவுகோலுக்குக் கீழே மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. கோணத்தை மாற்றி இன்னொரு தரம் பார்த்தார். அப்போதும் கசிந்தது.

பழைய எண்ணை அரத்தால் ராவி எடுத்திருக்கிறார்கள். ராவியதில் பள்ளமான இடத்தில் இந்த எண்ணை அடித்திருக்கிறார்கள்.

துப்பாக்கி அசல். எண் போலி. பாலம், பிரிக்க முடியாத விரல் எல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை.

தரகரின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தார்.

அதற்குள் ஏதோ தோன்றி, அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. மூச்சுகூட விடாமல் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அளவுகோலை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

“அசல்தான்க்கா. அப்பாவோடதுதான்.”

அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “நான்தான் அப்பவே சொன்னேன்ல. போதும்டா, எனக்கப்புறம் நீ ஒத்தையா அலைய வேண்டாம்,” என்று சொல்லித் தம்பி தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

தரகர் எழுந்தார். துப்பாக்கி வாங்குகிற எக்ஸ்ரேயை விட்டுவிட்டு அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தேடுகிற எண்ணை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஒரு வக்கீல் தன் மாமனாரின் துப்பாக்கி எண்ணைப் போட்டுப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். ஆறே மாதத்தில் அந்த எண்ணில் மூன்று துப்பாக்கிகள் வாசலில் வந்து நின்றன.

எக்ஸ்ரே அந்தத் தப்பைச் செய்யவில்லை. தரகர்களிடம் துப்பாக்கியின் வகையை மட்டும் சொல்வார். கட்டின மனைவியிடம்கூட எண்ணைச் சொன்னதில்லை. படையின் பதிவேடுகளும் அந்தப் போரிலேயே எரிந்துபோயிருந்தன.

மிச்சம் இருந்தது, அப்பா துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டபோது எண்ணை எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றுதான். அதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஒருவர் எக்ஸ்ரே. இன்னொருவர், அம்மாவின் துணிப்பெட்டிக்குள்ளிருந்து அதை எடுத்து அவரிடம் கொடுத்த அக்கா.