பல்லை விடாத சிமெண்ட்

நாற்காலிக்கு மேலே வளைந்து நிற்கும் விளக்கு மாமியாரின் வாய்க்குள் மட்டும் வெளிச்சத்தைக் கொட்டுகிறது. வெளியே விடாத மழை; அறையின் மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கழன்று வந்த பல் கேப் தட்டிலிருக்கும் பஞ்சின் மேல் இருக்கிறது. பல் டாக்டரான மருமகள் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறாள். கேப்புக்காகக் குட்டையாக ராவிய கடைவாய்ப் பல்லின் மேல் வெள்ளையாக ஒரு படலம். ஓரத்தில் துடைக்காமல் விட்ட வழிசல். போன வருஷம் இதே நாற்காலியில் அவள் கணவன் தன் அம்மாவுக்கு வைத்த சிமெண்ட் அது. எதிலும் அவசரம் அவனுக்கு, உலகத்தை விட்டுப் போவதிலும்கூட. கண்ணாடியை வெளியே எடுக்கிறாள்.

“என்னம்மா, சொத்தையா?”

“இல்லத்தை. அவர் வச்ச சிமெண்ட் அப்படியே இருக்கு.”

“அப்புறம் கேப் எப்படிக் கழண்டுச்சு?”

“இது சும்மா மேல ஒட்டுற பசை இல்லத்தை. இதுல இருக்கிற அமிலம் பல்லோட சுண்ணாம்பைப் பிடிச்சு அதோடயே சேர்ந்துடும். இழுத்தா சிமெண்ட்தான் நடுவுல பிளக்கும். பல்லை மட்டும் விடாது.”

மாமியாரின் நாக்கு கன்னத்துக்குள் அசைந்து அந்தப் பல்லை மெல்லத் தடவுகிறது. மருமகள் கொக்கி போன்ற கருவியைக் கையில் எடுக்கிறாள்.

“பழசைச் சுரண்டி எடுத்தாத்தான் புதுசு பிடிக்கும். ஆ காட்டுங்கத்தை.”

மாமியார் வாயை மூடிக்கொள்கிறார். விளக்கின் வெளிச்சம் முழுக்க அந்த இறுகிய உதடுகளின் மேல் கிடக்கிறது. மருமகள் கொக்கியைத் திரும்பத் தட்டில் வைக்கிறாள்.