ஒன்றரை மணி நேரம்

ஜன்னலும் கடிகாரமும் இல்லாத ஆராய்ச்சி அறையில் சிங்காரவேலு இருபத்தோரு நாள் இருந்தார். பொழுது தெரியாவிட்டால் யாருக்கும் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். இவரோ தினமும் பத்து மணிக்கு டாண் என்று படுத்தார், ஆறுக்கு எழுந்தார். அபூர்வமான மரபணு என்று டாக்டர் நளாயினி கட்டுரையே எழுதிவிட்டாள். அனுப்புவதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை அவரை வெளியே விட்டபோது கேட்டாள்: "உள்ள உங்களுக்கு மணியே தெரியலையா?"

"தெரியாம என்ன மேடம்? நான் முழிச்சிருக்கிறப்ப நர்ஸம்மா மணிக்கொரு தடவை ரத்தம் எடுப்பாங்க. தினம் ஒரு தடவை மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். ராகுகாலத்துல ஊசி குத்த மாட்டாங்கன்னு புரிஞ்சுபோச்சு. அதை வச்சு மிச்சத்தை எண்ணிக்கிட்டேன்."

நர்ஸ் கோமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

நளாயினி தன் மேசைக்கு வந்து கட்டுரையைக் கிழித்துப் போட்டாள். வேறு ஆளைப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, சுவரைப் பார்த்தாள். மணி பத்து நாற்பது.

பேனாவை மூடி வைத்தாள். பன்னிரண்டு தாண்டட்டும்.