கோணல் உருண்டை

ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, இன்னும் படுக்காத அப்பாவுக்குக் கண் சொக்கியது. பேரீச்சம்பழத்தையும் பாதாமையும் அரைத்துக் கொடுத்து ஒரு மணி நேரமாகிறது. பிள்ளைகள் இருவரும் பிடித்த உருண்டையையே உடைத்து மறுபடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சீக்கிரம் முடிங்கடா, அப்பாவால உட்கார முடியல.”

“இது கோணலா இருக்குப்பா,” என்றான் சின்னவன்.

“எப்படி இருந்தாலும் வயித்துக்குள்ளதானே போகப்போகுது? கொடு, நானே உருட்டறேன்.”

பெரியவள் கிண்ணத்தை இழுத்து அணைத்துக்கொண்டாள். “வேணாம்ப்பா. இதை முடிச்சதும் கூட்டிட்டுப் போயிடுவேன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அப்புறம் அடுத்த மாசம்தானே இங்க வர முடியும்?”

அழைப்பு மணி அடித்தது. அப்பா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

“முடிஞ்சுதா? கிளம்பலாமா?” என்றாள் வாசலில் நின்றவள்.

“இன்னும் பாதிகூட ஆகல,” என்றார் அவர். “உள்ள வந்து உட்காரு.”