கரிக்கொட்டகை

இங்கிலாந்தில் எங்கள் சால்ஃபோர்ட் நெசவு மில்லில் தறி இரைச்சலில் யார் குரலும் கேட்காது. உதட்டை அசைத்தே பேசிக்கொள்வோம். எட்னாவும் அவள் புருஷன் வில்ஃபும் வீட்டில் சண்டை போடுவதும் அப்படித்தான், பிள்ளை மேவிஸின் தூக்கம் கலையாமல்.

ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட இரவு நானும் எட்னாவும் மில் பதுங்குகுழியில் இருந்தோம். விடிந்து வந்தால் அவள் வீடு செங்கல் குவியல். வில்ஃபின் பிணத்தை நடைபாதையில் கிடத்தியிருந்தார்கள். மேவிஸுக்காக முன்னறையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எட்னா குனிந்து அவன் முகத்தைத் துடைத்தாள். உடனே கத்தினாள்.

"அங்க இல்ல! பின்னாடி கரிக்கொட்டகையைத் தோண்டுங்க. இவருதான் சொல்றாரு."

"செத்தவன் எங்கம்மா சொல்றான்?" என்றார் மீட்புக்குழுப் பெர்சி. "உசுரோட இருந்தப்பவே உன்கிட்ட வாயைத் திறக்க மாட்டான்."

"நீங்க தறி ஓட்டினதில்ல பெர்சி. தோண்டுங்க."

நானும் பார்த்தேன். வில்ஃபின் வாய் நிறையச் சுண்ணாம்புத் தூள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

தோண்டினார்கள். கொட்டகையிலிருந்து மேவிஸ் இருமிக்கொண்டே வந்தாள். எட்னா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, வில்ஃபைப் பார்த்து, "கிடைச்சிட்டா" என்று சத்தமில்லாமல் சொன்னாள்.

அவன் கண் மூடியே இருந்தது. உதடு இன்னொரு தடவை அசைந்தது. 'வெறுங்காலோட நிக்கிறா பாரு.'

எட்னா தன் தலைத்துணியை அவிழ்த்துப் பிள்ளையின் பாதங்களில் சுற்றினாள்.